தொட்டில் வீடியோ

கணினி சும்மா இருந்தபோதும் அதன் முகப்பிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. எந்தப் படமும் ஓடவில்லை, எந்தப் பாட்டும் பாடவில்லை, திரைகூட இருண்டுதான் கிடந்தது. ஆனாலும் பெட்டிக்குள்ளே டிஸ்க் மட்டும் கரகரவென்று, விட்டு விட்டு, மரப்பலகையை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல எதையோ செய்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுக்காரருக்கு வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஆள் ஏறாத லிஃப்ட் போடும் சத்தத்துக்கும் ஆள் ஏறிய லிஃப்ட் போடும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இந்த டிஸ்க் போட்டது ஆள் ஏறிய சத்தம். அது அவருக்குப் பல நாட்களாகவே தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டார்.

மனைவி போனதிலிருந்து அவர் விட்டுவிட்ட விஷயங்கள் நிறைய. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாட்காட்டியில் அந்த மாதமே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு, தின்றோமா இல்லையா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துப்போயிருந்தது. கடித்தாலும் வலிக்காது, ரத்தம் வந்தாலும் தெரியாது. சாவு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "அழுதுடுங்க, அழுதாத்தான் ஆறும்" என்று முதுகைத் தடவினார்கள். அவர் தலையாட்டினார். வந்தால்தானே அழுவது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடியலிலிருந்தே மழை. வெளியே தெரு ஈரச்சாம்பல் நிறத்தில் கிடந்தது, வீட்டுக்குள் பகலிலேயே விளக்கு போட வேண்டியிருந்தது. மகள் போன் செய்தாள். அவள் இருப்பது வேறு ஊர்; நிறைமாதம்; மறுநாள் காலை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக ஏற்பாடு.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"பஸ் ராத்திரிக்குத்தாம்மா. துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு."

"அந்தத் தொட்டில் வீடியோ?"

அவர் இருண்ட திரையைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்கதானே? அன்னிக்கு அம்மா என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'இரு, அப்பா பரண்லேர்ந்து தொட்டில இறக்கி வெச்சிருக்கார், சுத்திக் காட்டறேன், அப்படியே பாப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன், உனக்கு அனுப்பறேன்'னாங்க. எனக்கு அது வந்தே சேரலப்பா. நம்ம கம்ப்யூட்டர்லயாவது வந்திருக்கும். எடுத்துட்டு வாங்க. நாளைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் குரல ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்துலயே இருப்பேன்னு சொல்லியிருந்தாங்கப்பா. எனக்கு பயமா இருக்கு."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். "கொண்டு வரேம்மா" என்பது மட்டும்தான் வந்தது.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் டைரக்டர். பொங்குகிற பாலைப் படம் பிடிப்பாளே தவிர அடுப்பை அணைக்க மாட்டாள். பக்கத்து வீட்டுப் பூனை, மாடியில் காயும் துணி, அவர் குறட்டை விடுவது, எதுவும் அவள் போனிலிருந்து தப்பியதில்லை. படம் பிடிப்பவள் அவள் என்பதால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. குரல் மட்டும்தான் உண்டு. இன்னொன்று, ஆரம்பிக்கத் தெரிந்தவளுக்கு நிறுத்தத் தெரியாது. அந்தச் சிவப்புப் பொத்தானை எத்தனை முறை காட்டிக் கொடுத்தாலும், "உங்க விரல் பட்டாத்தான் அது கேக்குது" என்பாள். செய்தித்தாளோ கணினியோ பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்குப் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலே போனை நீட்டி, "ஏங்க, நிறுத்திக் குடுங்க" என்பாள். அவர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுவார். அதனால் அவள் எடுத்த படங்களெல்லாம் கடைசியில் அவர் மடியில்தான் வந்து முடியும்.

போன வருஷம் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் வந்து ஒரு வசதி செய்து கொடுத்தார். அவள் எதை எடுத்தாலும் அது தானாகவே வீட்டுக் கணினிக்குள் வந்து சேர்ந்துவிடும். கேபிள் வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அன்றைக்குக் கடைக்காரரையும் படம் பிடித்தாள்.

லிஃப்ட்காரர் திரையை எழுப்பி, அவள் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தார். திறக்கவே ஒரு யுகம் ஆனது. ஒவ்வொரு படத்துக்கும் தபால்தலை அளவில் ஒரு சின்னச் சித்திரம்: பூனை, துணி, அவர் வழுக்கை, மறுபடி பூனை. கடைசியாக அந்த நாளின் தேதி போட்ட ஒன்று. அதன் சித்திரம் மட்டும் முழுக் கறுப்பாக இருந்தது.

இதுதான். தொட்டில்.

அவர் புதுப் பென் டிரைவைச் சொருகி, அந்த ஃபைலை இழுத்து அதில் போட்டார். பச்சைக் கோடு கிளம்பியது. பத்து நிமிடம் மீதி என்றது. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு மணி நேரம் மீதி என்றது. தேநீர் தீரும்போது ஐந்து மணி நேரம் என்றது. பச்சைக் கோடு முன்னே நகர்வதற்குப் பதில் பின்னால் நகர்ந்திருந்தது.

அவருக்கு இது புதிதல்ல. எந்த மெஷினும் சும்மா முனகாது. ஒன்று வழியில் அடைப்பு, இல்லை அளவுக்கு மேல் பாரம். வழியைத்தான் முதலில் பார்த்தார். பென் டிரைவைப் பிடுங்கி, வேகமாகப் போகும் என்று சொல்லப்படும் நீலநிறச் சொருகுவாயில் மாற்றிச் செருகினார். பயனில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியில் அடைந்திருந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளினார். சூடேறிய தூசியின் கருகல் வாசனை அறையில் பரவியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, மழை பெய்து முடித்த தோட்டத்தைக் கொத்திவிட்டாற்போல. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது கையைச் சுடும் அளவுக்குக் கொதித்தது, அதிர்ந்தது.

வைரஸ் பிடிக்கிற புரோகிராமை நிறுத்தினார். குறைந்தபாடில்லை. என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். டிஸ்க் முழுக்க முழுக்க வேலையில் இருப்பதாக அது ரத்தச் சிவப்பில் காட்டியது. யாருடைய வேலை என்று பார்த்தால், வரிசையாக எல்லாப் புரோகிராமுக்கும் எதிரே பூஜ்யம்தான். எல்லாரும் தூங்குகிறார்கள், வீடு மட்டும் அதிர்கிறது.

பிறகு பாரத்தைப் பார்த்தார். டிஸ்க்கில் கைகால் நீட்ட இடமில்லை. அவ்வளவையும் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரே ஒரு ஃபைல், அந்தக் கறுப்புச் சித்திரம். தொட்டிலைச் சுற்றிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தேநீர் ஆறுவதற்குள் ஆகிவிடும். இதுவோ அவள் இத்தனை வருஷம் எடுத்த எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு மேலே இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குள் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம்.

கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சார்! எப்படி இருக்கீங்க? அம்மா சௌக்கியமா? இன்னும் படம் பிடிச்சுத் தள்றாங்களா?"

அங்கேதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அதிர்ந்து, ஐயோ என்று, எப்போ எப்படி என்று கேட்டு, அதற்கெல்லாம் இவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. "ம்" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் கேட்டதையெல்லாம் லிஃப்ட்காரர் வரிசையாகச் சொன்னார். சொருகுவாய், தூசி, வைரஸ், சிவப்பு, அளவு கூடுவது.

"அட, டிஸ்க் மேல தப்பே இல்ல சார். அந்த ஃபைல் இன்னும் வந்துகிட்டே இருக்கு. வந்துகிட்டே இருக்கறத நீங்க எப்படி காப்பி எடுத்து முடிப்பீங்க? குழாயத் திறந்து விட்டுட்டு வாளிய எடைபோடற கதையா இருக்கே."

"எங்கேர்ந்து வருது?"

"அம்மா போன்லேர்ந்துதான். வேற எங்கேர்ந்து? ரெக்கார்டிங்க நிறுத்தாமலே விட்டுட்டாங்க சார். அவங்க வழக்கந்தானே?" கடைக்காரர் சிரித்தார். "நிறுத்தினாத்தான் அது ஃபைலா முழுசாகும். அது வரைக்கும் திறக்கவும் திறக்காது. போன் இப்ப எங்க இருக்கு?"

லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"அவகிட்ட."

"அம்மா வெளிய போயிருக்காங்களா?"

"ஆமா."

"அதான் மெதுவா வருது. வெளியில எங்கயோ சிக்னல் கிடைக்காத இடத்துல இருக்காங்க, சொட்டு சொட்டா வருது. வீட்டு வைஃபைகிட்ட வந்துட்டாங்கன்னா சும்மா பறக்கும். நீங்க ஒண்ணும் நோண்டாதீங்க. ரூட்டரையும் அணைச்சிடாதீங்க, பாதியில அறுந்தா மொத்தமும் கெட்டுப்போயிடும், அப்புறம் யாராலயும் மீட்க முடியாது. அம்மாவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க. வந்து நிறுத்தினாங்கன்னா முடிஞ்சுது வேலை."

போனை வைத்தார். பிறகு எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தள்ளினார். தொட்டில் அங்கேதான் இருந்தது, அன்றைக்கு இருந்த இடத்திலேயே. மரத்தொட்டில். ஆட்டினால் ஒரு பக்கம் மட்டும் கிறீச்சென்னும். எண்ணெய் போட வேண்டும் என்று அன்றைக்கு அவர் எண்ணெய்க் குப்பியைத் தேடி வாசலுக்குப் போனபோதுதான் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தபோது அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள், தூங்குகிறவள் மாதிரி. ஒரு கை தொட்டில் காலைப் பிடித்திருந்தது. இன்னொரு கை போனைப் பிடித்திருந்தது.

அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. டாக்டர் பிரிக்கப் பார்த்தார், அவள் தம்பி பிரிக்கப் பார்த்தான். கண்ணாடி விரிசல் விட்டு இருண்டுபோன போன். சவப்பெட்டிக்குள் அவளைக் கிடத்தியபோது, வர முடியாத மகள் வீடியோ காலில் அழுதுகொண்டே, "அம்மா போன் அம்மாகிட்டயே இருக்கட்டும்பா, அது இல்லாம அவங்களுக்கு இருப்புக் கொள்ளாது" என்றாள். நல்ல யோசனை என்று எல்லாருக்கும் பட்டது. மூடுவதற்கு முன்னால் அவர் குனிந்து அந்தக் கையை அவள் நெஞ்சின் மேல் சரியாக எடுத்து வைத்தார். கை சில்லென்று இருந்தது. போன் மட்டும் சூடாக இருந்தது.

அதை அவர் அன்றைக்கே கவனித்தார். ஒரு மெஷின் சூடாக இருக்கிறது என்றால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லிஃப்ட் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிற மனுஷனுக்கு இது தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவள் எதை ஆரம்பித்தாலும் நிறுத்திக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு நாள் நிறுத்திக் கொடுக்கவில்லை.

அவர் தொட்டிலைத் தொடாமல் நின்றார். வீட்டில் மழைச் சத்தமும் டிஸ்க்கின் சுரண்டலும் தவிர வேறெதுவும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பேச ஆள் இல்லாத வீட்டில் யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த நினைப்பும் இல்லை.

"கேட்டியா டைரக்டர்?" என்றார். "வீட்டுக்கு வரணுமாம். வந்தாத்தான் முடியுமாம். சீக்கிரம் வா."

அடுத்த அறையில் டிஸ்க்கின் சத்தம் நின்றது.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை விட்டு விட்டு அல்ல.

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தபோது ஃபைலின் அளவு கொஞ்சம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. மெஷின் சரியாகிவிட்டது என்ற திருப்திதான் முதலில் வந்தது, பழக்கதோஷம். அடைப்பு எடுபட்டுவிட்டது, தூசியைத் தட்டியது வீண்போகவில்லை. போர்வை, சவரப்பெட்டி, குழந்தைக்கு வாங்கிய குல்லாய் எல்லாவற்றையும் பையில் அடுக்கினார். அவ்வப்போது எட்டிப் பார்த்தார். வேகம் ஏறிக்கொண்டே இருந்தது.

கறுப்புச் சித்திரம் கறுப்பாக இல்லை.

நகம் அளவுக்கு ஒரு படம். அவர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டு போனார். பழுப்பு. ஈரப் பழுப்பு. வேர்கள் மாதிரி ஏதோ வெள்ளையாக. ஃபைல் திறக்காது, அதன் சித்திரம்தான் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அவர் காத்திருந்தார். அது புதுப்பித்துக்கொண்டபோது பழுப்பு போய்ச் சாம்பல் வந்திருந்தது. மழை. மழைக்கு மேலே இரும்பு வளைவு ஒன்று. இடுகாட்டு வாசலின் வளைவு.

அங்கிருந்து வீடு நடக்கிற தூரம்தான். அவளை விட்டுவிட்டு அன்றைக்கு அவர் நடந்துதான் வந்தார். முதலில் தண்ணீர்த் தொட்டி வரும். பிறகு மருந்துக்கடை. பிறகு தையற்கடை. பிறகு இந்தத் தெரு.

கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பார்த்தார். டிஸ்க் கெட்டால் படங்கள் கலைந்து தெரியும், ஒன்றின் துண்டு இன்னொன்றில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். அதுவாக இருக்கும். அவர் அதை நம்பப் பார்த்தார். ஓரளவு நம்பவும் செய்தார்.

சித்திரம் மாறியது. தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், கீழேயிருந்து பார்த்தாற்போல, சாய்வாக. அவள் கையில் போனைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது எல்லாம் அப்படித்தான் சாய்வாக விழும்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, வீடியோ கிடைச்சுதா?"

"வந்துகிட்டு இருக்கும்மா."

"வந்துகிட்டு இருக்கா? அப்படின்னா?"

"வரும். முடியப்போகுது."

"அப்பா, உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மழை" என்றார்.

"சரி, கவனமா வாங்க. அம்மா குரல் கிடைச்சுட்டா போதும்பா. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் நான் தாங்கிப்பேன்."

வைத்துவிட்டாள். அவர் திரையைப் பார்த்தார். பச்சையாக ஒரு சிலுவை வெளிச்சம், நனைந்த தரையில் உடைந்து கிடந்தது. மருந்துக்கடை விளக்கு. அதற்குப் பக்கத்தில், சட்டகத்தின் விளிம்பில், வெறும் கால் ஒன்று. சாம்பல் நிறக் கால். அதன் விரல்களுக்கு நடுவே மண்.

வேகம் ஏறியது.

ரூட்டர் சுவரில், நாட்காட்டிக்குக் கீழே இருந்தது. அவர் எழுந்து போனார். சுவிட்சின் மேல் விரலை வைத்தார். ஒரு தட்டு தட்டினால் போதும். இந்தச் சுரண்டல் நிற்கும், அந்தப் படம் நிற்கும், ஒருவேளை நடப்பதும் நிற்கும். ஆனால் பாதியில் அறுந்தால் மொத்தமும் போய்விடும். "பாப்பா, தாத்தா உனக்கு என்ன இறக்கி வெச்சிருக்கார் பாரு" என்று அவள் சொல்லியிருப்பாளே, அது போய்விடும். காலையில் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு மகள் கையை நீட்டுவாள், வெறுங்கையோடு நிற்க வேண்டும். பயம் இப்போது அவருக்கு வந்திருந்தது. அடிவயிற்றில், தூரத்தில், வேறு யாருடைய வயிறோ போல. இத்தனை நாள் கழித்து வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதற்காக ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விரலை எடுத்துவிட்டார்.

நாற்காலிக்குத் திரும்பினார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மழை குறைந்துவிட்டதால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது: ஓட்டிலிருந்து சொட்டுவது, குளியலறையில் சொட்டுவது, விசிறி, டிஸ்க். மண் வாசனை இப்போது அறை முழுக்க இருந்தது. அது பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

தையற்கடை. அதன் தகரக் கதவில் எழுதியிருந்த எழுத்துகள்.

தெரு விளக்கு.

கேட்.

அவர் வீட்டுக் கேட். அவர் அடித்த பச்சைப் பெயின்ட்.

ஃபைலின் அளவுக்கு எதிரே எண்கள் இப்போது படிக்க முடியாத வேகத்தில் ஓடின. வைஃபைக்குள் வந்துவிட்டது. சும்மா பறக்கும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான்.

வாசலில் கொண்டி தூக்கும் சத்தம்.

பூட்டியிருந்தேனா என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. அவளிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு. அதையும் யாரும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

கதவு.

ஈரக்கால் தரையில் படுகிற சத்தம். மெதுவாக. ஒரு காலை இழுத்து. எண்ணெய் போடாத எதையோ இழுப்பதுபோல.

அவர் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது. சித்திரத்தில் கூடத்துத் தரை. மேசைக் கால். தரையில் விழுந்து கிடந்த அவர் துண்டு. பிறகு அடுத்த அறையின் நிலைவாசல்.

அடுத்த அறையில் தொட்டில் கிறீச்சென்றது. ஒருமுறை. போகிறபோக்கில் யாரோ செல்லமாக ஒரு தள்ளு தள்ளினாற்போல.

கிறீச்.

கிறீச்.

நின்றது.

சித்திரம் மாறியது. ஒரு நாற்காலியின் முதுகு. வழுக்கைத் தலை. தலைக்கு அப்பால் ஒளிரும் திரை. திரையில் நகம் அளவுக்கு ஒரு படம்.

மூச்சு இல்லை. பின்னால் யாராவது நின்றால் மூச்சு கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஈரம் சொட்டுவது மட்டும் கேட்டது. இந்தச் சொட்டு குளியலறையிலிருந்து அல்ல.

சித்திரம் கடைசியாக ஒருமுறை மாறியது. அதில் அவர் மடி இருந்தது.

தோளுக்கு மேலே, வலது பக்கமாக, ஒரு கை நீண்டு வந்தது. நகங்கள் தேய்ந்து, பாதி இல்லாமல், மண்ணும் மரச்சிராயும் அப்பிய விரல்கள். அவற்றுக்கு நடுவே விரிசல் விட்ட போன். விரிசலுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது, கணினியின் விளக்கோடு ஒரே தாளத்தில்.

"ஏங்க" என்றது குரல். அவள் குரல்தான், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல. "நிறுத்திக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. பாப்பாவைப் பாக்கப் போகணும்ல."

அவர் எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலை நீட்டினார். விரல் முதலில் அவள் கையில் பட்டது. கை சில்லென்று இருந்தது.

போன் மட்டும் சூடாக இருந்தது.